தப்பிய கப்பல்

மாப்ள, எதிர்வீட்டுக்காரர் இன்று காலையில் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த நாகல் நகர்ச் சந்து முழுக்க அந்த வாடைதான். உடனே நீ நினைவில் வந்துவிட்டாய். "கப்பல் வேலைன்னா என்னமோன்னு நெனைக்காதடா, பாதி நாளு பெயிண்ட் அடிக்கிறதுதான்" என்பாய். லீவில் வரும்போது உன் நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கும்.

என் வேலை உனக்குப் பெரிய வேடிக்கை. கம்ப்யூட்டருக்குள் ஒரு கடல், அதில் கப்பல்கள், கொள்ளைக்காரர்களின் படகுகள். கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டினால் என்ன ஆகும், ரோந்து வந்தால் என்ன ஆகும் என்று மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். "ஆத்தூர் டேமத் தாண்டித் தண்ணியப் பாக்காத பய, கடற்கொள்ளையத் தடுக்குறானாம்!" என்று ஒருநாள் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாய். அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்புறம் உன் கப்பலையே துரத்தினார்கள். மேல்தளத்தில் காவலுக்கு நின்ற நீதான் முதலில் பார்த்துக் குரல் கொடுத்தாயாம். கப்பல் வேகமெடுத்துத் தப்பிவிட்டது. அவர்கள் சுட்டதில் நீ போய்விட்டாய்.

எங்கள் கணக்கில் அது வெற்றி, மாப்ள. கப்பல் பிடிபடவில்லை அல்லவா? பாழாய்ப்போன அந்தக் கணக்கில் கப்பல் உண்டு, ஆள் கிடையாது. பொறுக்கமாட்டாமல் மேல்தளத்தில் உன்னைப்போல் ஓர் ஆளைச் சேர்த்து ஓட்டினேன். அவனை எடுத்துவிட்டால் கப்பல் மாட்டிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் அத்தனை பேரும் மாட்டுகிறார்கள். அவனை நிறுத்திவைத்தால் தப்புகிறது. எதை எதையோ மாற்றிப் பார்த்தேன், இது மட்டும் மாறவே இல்லை. காவலுக்கு ஆள் நிறுத்தச் சொல்லித்தான் போன மாதம் கப்பல் கம்பெனிகளுக்கு அறிக்கை அனுப்பினேன். இனி யார் பெற்ற பிள்ளையோ அங்கே போய் நிற்பான்.

நேற்று கன்னிவாடியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா சோறு போட்டு, வெஞ்சனத்தை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அப்பு, அந்தப் பொட்டியில திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறியாமே, எம்புள்ள ஒரு தடவையாச்சும் வந்தானா?"

"வாரான்மா. நெறையத் தடவ வாரான்."

பொய் இல்லை. அந்த ஓட்டங்களில் பெரும்பாலும் குண்டு உன்மேல் படுவதே இல்லை. நிஜத்தில் நடந்ததுதான் ஒரே ஒரு தடவை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்கு வந்தானா?" என்றார்.

துறைமுகத்தோடு அந்த ஓட்டம் முடிந்துவிடும், மாப்ள. நான் போட்டுவைத்தது கடல் மட்டும்தான். அதில் கன்னிவாடி இல்லை.