பச்சை இலை, விறகுத் தண்டு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதறது. நீ அங்க சுகமா இருப்பேன்னு நம்பறேன். நாங்களும் சுகம்னு எழுதறதுதான் முறை, ஆனா கொட்டகையில எட்டு மாடும் வயிறு ஒட்டி நிக்கும்போது எந்தக் கையால அப்படி எழுத? உங்கப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு. எனக்கு வாய் மட்டும் நல்லா இருக்கு, அதனாலதான் இந்தக் கடிதம். போன்ல பேசினா நீ பாதியில மீட்டிங்னு வச்சுடறே.

உங்க நிறுவனத்துல நீ உருவாக்கின மக்காச்சோள விதைன்னு ரெண்டு மூட்டை அனுப்பினியே, அது வந்த அன்னைக்கு உங்கப்பாவுக்குக் கால் தரையில படலை. என் மக கண்டுபிடிச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லி, பக்கத்துத் தோட்டத்து மீசைக்காரர் தலையிலயும் ஒரு மூட்டையைக் கட்டிட்டார். பயிர் ராஜாவாட்டம்தான் நின்னுச்சு, பொய் சொல்லக் கூடாது. பெருங்காத்துல மத்தவங்க சோளமெல்லாம் படுத்துடுச்சு, உன்னோடது ஒண்ணுகூட சாயலை. மாட்டுத் தீனிக்குன்னா அடி இலை காய ஆரம்பிச்சதும் வெட்டணும், இருபத்தாறு வருஷமா எனக்கு அதுதான் கணக்கு. உன் பயிர்ல இலை காயவே இல்லை. இன்னும் இளசுன்னு நினைச்சு நானும் மூணு வாரம் காத்திருந்தேன், மீசைக்காரரையும் காத்திருக்கச் சொன்னேன். மேலே இலை பச்சையா இருக்க, உள்ளே மணி கல்லாகி தண்டு விறகாகிப் போனது எனக்கு எப்படித் தெரியும்? நறுக்கி, குழியில மிதிச்சு, தார்ப்பாய் போட்டு மூடி, ரெண்டு மாசம் கழிச்சுத் திறந்தா சைலேஜ் தீனியோட புளிப்பு வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. மாடு இலையைப் பொறுக்கித் தின்னுட்டுத் தண்டையெல்லாம் தொட்டியிலயே ஒதுக்கிடுச்சு. தின்ன மணியும் சாணியில முழுசு முழுசா வருது, கழுவி எடுத்தா ஒரு சொம்பு. பால் பாதியா இறங்கிடுச்சு.

அதைச் சொன்னா நீ என்ன சொன்னே? குழியில காத்து புகுந்திருக்கும், நீங்க சரியா மூடியிருக்க மாட்டீங்கன்னே. குழி மூட எனக்கே சொல்லித் தர்றியா? மாட்டு டாக்டர் தண்டை உடைச்சுப் பார்த்துட்டு, காத்துல சாயக்கூடாதுன்னு இப்படி உறுதியாக்கிட்டே போனா மாட்டு வயித்துல எப்படிச் செரிக்கும், மணி விக்கறவங்களுக்கு இது நல்ல விதை, தீனிக்கு ஆகாதுன்னார். இலை கடைசிவரை பச்சையா நிக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீங்கன்னு மூட்டையிலயாவது ஒரு வரி எழுதியிருக்கலாமேன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். உயரம் அளந்தே, எடை அளந்தே, ஒரு மாட்டுக்காவது போட்டுப் பார்த்தியாடி? திங்கப் போறது அதுதானே!

மீசைக்காரர் தீனி கட்டுப்படியாகாம ரெண்டு மாட்டை வித்துட்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். உங்க மக நல்லா இருக்கட்டும்னு மட்டும் சொன்னார், செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. உங்கப்பா இப்பல்லாம் பால் வண்டி வர்ற நேரத்துல தோட்டத்துக்குள்ள போயிடறார், பாலை நான்தான் அளந்து ஊத்தறேன்.

இந்த லட்சணத்துல, இதே விதையை சைலேஜுக்குன்னே பேர் போட்டு வெளியே விடப்போறாங்க, என் கையெழுத்துதான் பாக்கின்னு போன வாரம் நீ சிரிச்சுக்கிட்டே சொன்னே. இன்னும் எத்தனை கொட்டகை பாழாகணும்? மாட்டு டாக்டர் உங்க நிறுவனத்துக்குப் புகார் எழுதிட்டார், தண்டையும் சாணியில வந்த மணியையும் பொட்டலம் கட்டியாச்சு. மொதல்ல யார் கையெழுத்துப் போடறதுன்னு அவரும் மீசைக்காரரும் என் முகத்தையே பார்த்தாங்க, பெத்தவகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தயங்கினாங்க. நான்தான் பேனாவை வாங்கி மொதல் கையெழுத்தைப் போட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கு. பெத்த பொண்ணையே காட்டிக் கொடுத்தவள்னு நீ நினைச்சா நினைச்சுக்கோ. திங்கட்கிழமை அது தபால்ல போகுது, அதுக்கு முந்தி இது உன் கைக்குக் கிடைக்கணும்னுதான் இன்னைக்கே போடறேன். அடுத்தவங்க சொல்லி உன் தப்பு தெரியறதைவிட நீயே வாயைத் திறந்து சொல்லிடு.

வேளைக்குச் சாப்பிடு, இருமலோட குளிர்ல அலையாதே. நோய்நொடி இல்லாம நூறு வயசு இரு, ஆனா தலைநிமிர்ந்து இரு. விதையை வெளியே விடற அந்தத் தாள்ல மட்டும் கையெழுத்துப் போட்டுடாதே கண்ணு. இன்னொண்ணு, போன் பண்ணினா உளறிடாதே, நான் புகார்ல கையெழுத்துப் போட்டது உங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது. உன் விதை மூட்டையோட கோணியைக்கூட மடிச்சுப் பெட்டியில வச்சிருக்கார்.

இப்படிக்கு,
உன் அம்மா