சீல் வைத்த கார்ட்

சேசு மரி சூசை துணை

எல்கடுவ
2.10.2008

அன்புள்ள மகள் மார்ஜரிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீ சுகம் என்று போனில் நூறு தரம் சொன்னாலும் உன் கையெழுத்தில் பார்க்கும்வரை என் மனம் ஒப்புவதில்லை, அது உனக்குத் தெரியும். வரிகள் கோணல்மாணலாக ஏறி இறங்கினால் சிரிக்காதே. வலது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான், இடது கண்தான் இரண்டு பேர் வேலையையும் பார்க்கிறது. போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா என் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு நிற்கிறார், இதில் எழுதப்போவது அவர் காதில் விழக்கூடாது. அவர் இன்று மண்ணெண்ணெய் வாங்க மாத்தளைக்குப் போயிருக்கிறார், மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் முடித்து உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். வெளிநாட்டில் உன்னோடு வேலை செய்கிற ஹமீமா நேற்றுப் பெருநாளோடு லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நல்ல பிள்ளை, நேற்று வட்டிலப்பம் கொடுத்துவிட்டிருந்தாள், நான் ஒரு துண்டு தின்றேன், மிச்சத்தை உன் அப்பா முடித்துவிட்டார்.

முதலில் சந்தோஷமான விஷயம். உனக்கு அங்கே பேங்க்காரர்களே கூப்பிட்டு கிரெடிட் கார்ட் கொடுத்தார்கள் என்று நீ எழுதிய கடிதத்தை உன் அப்பா எத்தனை தரம் வாசித்தார் என்று கணக்கில்லை. கோயில் முடிந்து வெளியே வந்ததும் யாரைக் கண்டாலும் அதே பேச்சு. முதல் தரம் கார்ட்டை நீட்டிச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன், கடைக்காரன் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பையைக் கொடுத்துவிட்டான், களவெடுத்த மாதிரி வேகமாக நடந்து வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்து நான் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். ஐந்து வருஷமாகப் பத்து மணி நேரம் காசாளர் மேசையில் நிற்கிற பிள்ளை, தேய்ந்த செருப்போடு நின்றாய் என்பதே அந்தக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நல்ல சப்பாத்து வாங்கினாய், அதற்குக் கவலைப்படாதே. ஆனால் பில் வந்தால் தேதிக்கு முன்னால் முழுசாகக் கட்டிவிடு. கொஞ்சம் கட்டினால் போதும் என்று அதிலேயே போட்டிருப்பார்களாம், அதை நம்பாதே என்று ஹமீமா சொல்கிறாள், அவளும் பட்டுத் தெளிந்தவள்தான். கட்டாமல் விட்ட ஒரு பிள்ளையை ஊருக்கு வர விடாமல் ஏர்போட்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என் பாட்டனார் காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது, ஆளின் கடன் அதில் எழுதியிருக்கும், அதைத் தீர்க்காமல் தோட்டம் விட்டுத் தோட்டம் போக முடியாது. ஹமீமா சொன்னதைக் கேட்டதும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. நான் அதையும் இதையும் சேர்த்துக் குழப்புகிறேன் என்று நீ சொல்வாய், இருந்தாலும் பயம் பயம்தானே.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். என் கண் புரையை உடனே வெட்ட வேண்டும் என்று, உன் கணக்கிலேயே அப்பா பேருக்கு இன்னொரு கார்ட் எடுத்து ஹமீமாவிடம் கொடுத்தனுப்பினாய். கண்டியில் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாய். ஒன்றரை மாதமாகியும் உன் பில்லில் ஆஸ்பத்திரிக் கணக்கு வரவில்லையே என்று போன ஞாயிறு கேட்டாய், மெஷின் பழுது என்று அப்பா சொன்னார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது மகளே. பழுது பண்ணியது நாங்கள்.

நடந்தது இதுதான். கார்ட் வந்த அன்று உன் அப்பா அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார், தன் பேர் எழும்பிய எழுத்தில் இருப்பதை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு முகம் மாறிவிட்டது. இதுல சீல் இல்லையே என்றார். பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று மார்ஜரி எழுதியிருக்கிறாளே என்று நான் சொன்னேன். கையெழுத்து யாரும் போடலாம், சீல் இல்லாத கடுதாசிய எவன் நம்புவான் என்று என் மேல் பாய்ந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ ஓ.எல். பரீட்சை எழுதிய வருஷம் தம்புள்ளைக்கு லொறியில் மரக்கறி ஏற்றப் போனவரை வழியில் ஆமிச் சோதனைச் சாவடியில் இறக்கி இரண்டு நாள் வைத்திருந்தார்களே, அப்போது அவருக்கு அடையாள அட்டை கிடையாது, தோட்டத்துக் கடிதம் மட்டும்தான் கையில் இருந்தது, அதில் கிளார்க் ஐயா அவசரத்தில் சீல் வைக்க மறந்திருந்தார். சீல் வைத்த கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். அன்றிலிருந்து கல்யாணப் பத்திரிகையில்கூட சீல் தேடுகிற மனுஷன் அவர்.

அதனால் வெள்ளை சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கிராம சேவகரிடம் போனார். அந்த மாத்தியா நல்லவர், இதுக்கு சீல் தேவையில்ல வின்சன்ட், இது பேங்க் சாமான் என்று சிங்களத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இவர் விடவில்லை, வைங்க மாத்தியா, வச்சா எனக்கு நிம்மதி என்று வாசலிலேயே நின்றிருக்கிறார். கடைசியில் அந்த மனுஷன் பாவம் பார்த்து, கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சீலை வைத்துத் தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டார். இத்தோடு நின்றதா? சீலின் மை அழிந்துவிடும் என்று அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு மாத்தளையில் மக்கீன் நானாவின் போட்டோகொப்பி எடுக்கிற கொமினிகேசன் கடைக்குப் போய் லெமினேட் பண்ணச் சொன்னார். உன் பிறப்புச் சாட்சிப் பத்திரம், எங்கள் விவாகப் பத்திரம், என் மூக்குக் கண்ணாடி ரசீது எல்லாம் லெமினேட் பண்ணியவர், இதை விடுவாரா?

கண்டி ஆஸ்பத்திரியில் காசு கட்டும் இடத்தில் நான் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. அங்கிருந்த பிள்ளை கார்ட்டை மெஷினில் இழுத்தாள், போகவில்லை. திருப்பி இழுத்தாள். பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டாள், அவள் சீலைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யாரும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் உன் அப்பாவின் காதுமடல் சிவந்ததை ஒற்றைக் கண்ணாலேயே பார்த்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் பிளேட் வாங்கி லெமினேட்டைக் கிழிக்கப் பார்த்தார், கார்ட்டின் மேல்தோலும் சேர்ந்து உரிந்துவிட்டது. பிள்ளை அனுப்பின முதல் சாமானை நாசமாக்கிட்டேனே சூசை என்று பஸ் உக்குவளை தாண்டும்போது என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்ல வெட்கம், அதனால்தான் மெஷின் பழுது.

இப்போது நீ வேறு கார்ட் எடுத்து அனுப்புகிறேன், நத்தார்ப் பண்டிகைக்கு வராமல் லீவைக் கம்பெனிக்கே விற்று, டிக்கட் காசையும் கையில் வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிறேன் என்று சொல்கிறாய். வேண்டாம். நான் அரசாங்கப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் பேர் கொடுத்துவிட்டேன். நவம்பர் பதினெட்டுக்குத் தேதி போட்டிருக்கிறார்கள். வெட்டுவதற்குக் காசில்லை, உள்ளே வைக்கிற லென்ஸை மட்டும் வெளியில் வாங்க வேண்டும், அதற்கு நீ மாதாமாதம் அனுப்புவதில் எடுத்து வைத்துவிட்டேன். கொஞ்சம் பிந்துகிறது, உண்மை. பிந்தினால் புரை கல்லாகிவிடும், வெட்டுவது கஷ்டம் என்று டொக்டர் முதலில் சொன்னதும் உண்மைதான். எனக்குப் பயமில்லாமல் இல்லை, செபமாலையில் பத்து அருள்நிறை மந்திரம் அதற்கென்றே சொல்கிறேன்.

இனிமேல் எழுதுவதை நீ உன் மனதோடு வைத்துக்கொள். கார்ட்டைக் கொண்டுவந்த அன்றே ஹமீமா என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாள். இந்த ஆஸ்பத்திரிக் கணக்கைக் கட்டினால் மார்ஜரி இந்த வருஷமும் ஊருக்கு வரமாட்டாள், லீவை விற்கத்தான் போகிறாள் என்றாள். போகும்போது, உம்மா, இந்தக் கார்ட் மேல ஒண்ணும் ஒட்டிடாதீங்க, ஒட்டினா மெஷின்ல வேல செய்யாது என்றும் சொன்னாள். மக்கீன் நானாவும் கடையில் கேட்டார், இத லெமினேட் பண்ணலாமா, எதுக்கும் யோசிச்சுச் சொல்லுங்க என்றார். உன் அப்பாவுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்து என் முகத்தைப் பார்த்தார். நான்தான், போடச் சொல்லுங்க, சீல் அழிஞ்சிட்டா பிறகு யார் அலையிறது என்றேன். தெரிந்துதான் சொன்னேன். கார்ட்டைப் பழுதாக்கியது உன் அப்பா இல்லை மகளே, நான். மூன்று நத்தார் உன்னைக் காணாமல் போய்விட்டது. உன்னைப் பார்ப்பதற்குத்தானே எனக்குக் கண், நீ வராத வீட்டில் இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு நான் எதைப் பார்ப்பது?

அவருக்கு இதைச் சொல்லாதே. சொன்னால் நாற்பது வருஷத்தில் முதல் தரம் அவர் பக்கம் நியாயம் போய்விடும். ஆனால் பாவம், குன்றிப்போய்த் திரிகிறார், அப்பா நீங்கள் ஒன்றும் பிழை செய்யவில்லை என்று தனியாக அவருக்கு இரண்டு வரி எழுது. உரிந்த கார்ட்டை அவர் வீசவில்லை, அடையாள அட்டை உறைக்குள் பின்பக்கமாக வைத்திருக்கிறார். போன வாரம் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது இரண்டையும் சேர்த்தே நீட்டினார், அங்கே நின்ற ஆமிப் பொடியன் அந்த வெளிநாட்டுப் பேங்க் கார்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மகள் வெளிநாட்டிலா, என் அக்காவும் அங்கேதான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு இரண்டையும் திருப்பிக் கொடுத்தானாம். பார்த்தியா, சீல் வச்சது வீண் போகல என்று வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே பெருமை.

லீவுக் கடிதம் இந்த மாதம் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும் என்று ஹமீமா சொன்னாள், மறக்காதே. குளிர் மெஷினுக்கு நேரே படுக்காதே, பட்டினி கிடக்காதே, ராத்திரி செபம் சொல்லாமல் தூங்காதே. அந்தோனியார் உன் வழித்துணையாக இருக்கட்டும், மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். சப்பாத்துக்குப் பிறகு அந்தக் கார்ட்டில் என்ன வாங்குவது என்று இன்னும் யோசிக்கிறேன் அம்மா என்று எழுதியிருந்தாய் அல்லவா, யோசிக்காதே. டிக்கட்டை நாமே எடுத்து ரசீதைக் கொடுத்தால் கம்பெனி அந்தக் காசைத் திருப்பித் தருமாம். டிக்கட் எடு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
வி. சூசையம்மா