செட்டியார் கடையில் உங்கள் கணக்கு

எட்டு வருஷம் என்னை அதட்டிக்கொண்டே, நான் தட்டு வைக்கும்வரை தானும் சாப்பிடாமல் காத்திருந்த என் அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நம் பேரிகை ஊரில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம். அதை உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. பசு கன்று போட்டது, காளைக் கன்று. உங்கள் மகன் இன்னும் கிருஷ்ணகிரி அணை வேலையில்தான் இருக்கிறார். கல் கட்டுகிற மேஸ்திரி என்று பெயர்தான் பெரிது. காண்டிராக்டருக்குப் பில் ஆகவில்லையாம், சம்பளம் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மகள் சரோஜா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வந்தவள் வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைத்தெரு ரங்கய்யச் செட்டியார் கடையில் மாதம் முழுக்கப் பற்று எழுதி மளிகை வாங்குவோம். ஒண்ணாந்தேதி காலையில் நீங்கள் குளித்துப் பொட்டு வைக்காத நெற்றியில் விபூதி பூசி, முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு கிளம்புவீர்கள். மழையானாலும் காய்ச்சலானாலும் அந்தத் தேதி தவறியதே இல்லை. என்னைக் கூட்டிப் போனதும் இல்லை. "மாட்டைப் பாரு, நான் போய்ட்டு வந்துடறேன்" என்பீர்கள். திரும்பி வந்ததும் "கணக்கு தீந்துச்சு" என்று சொல்லித் தண்ணீர் கேட்பீர்கள். தீர்ந்தது என்றால் தீர்ந்தது என்றுதானே நான் நினைப்பேன்?

நீங்கள் படுத்த படுக்கையாய் இருந்தபோதுகூட, "செட்டியாருக்குத் தேதி தவறக் கூடாது" என்றுதான் முனகினீர்கள். உங்கள் காரியம் எல்லாம் முடிந்து முதல் ஒண்ணாந்தேதி வந்தது. செத்தவர் பெயரில் கடன் நிற்கக் கூடாது, நின்றால் அந்த உயிருக்கு நிம்மதி இருக்காது என்று என் பிறந்த ஊர் மத்தூரில் சொல்வார்கள். எனவே கடலைக்காய் விற்ற பணத்தையும் உங்கள் மகன் வாங்கி வந்த முன்பணத்தையும் ஒன்றாகச் சேர்த்தேன். கையில் ஒன்றும் மிச்சமில்லை. இருந்தால் என்ன, போனால் என்ன, உங்கள் பெயர் சுத்தமாக வேண்டும் என்று போனேன்.

செட்டியார் தொகை சொன்னார். எண்ணி வைத்தேன். அவர் பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாமா?" என்றார்.

"எல்லாந்தானுங்க. ஒரு காசு பாக்கி வேணாம்" என்றேன், பெருமையாகத்தான்.

கணக்கு நோட்டில் உங்கள் பெயர் எழுதிய பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார். உள்ளே போய் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு கட்டி வெல்லம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நீட்டினார். அத்தை, நான் பூரித்துப் போனேன்! தேதி தவறாமல் கொடுத்ததற்கு மரியாதை செய்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். வழியெல்லாம் அந்தத் தாம்பூலத்தை நாலு பேர் பார்க்கும்படி ஏந்திக்கொண்டு வந்தேன். வெல்லத்தை உடைத்து நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

அந்த வாரமே துவரம்பருப்புக்குப் போனேன். "ரொக்கம்னா குடுக்கறேன்மா" என்றார் முகத்தைப் பார்க்காமல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேதிக்குக் கொடுத்தவளுக்கா இந்தப் பதில்? இழுத்தடிக்கிற வீடுகளுக்கெல்லாம் அதே நேரத்தில் பருப்பும் புளியும் கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம். புதிதாக வந்த நயா பைசாக் கணக்கில் தப்பு செய்துவிட்டேனோ? நாலணாவுக்கு இருபத்தைந்து என்பது சரி, ஓரணாவுக்கு ஆறு என்கிறார்களே, அதில் எங்கேயாவது குறைத்துக் கொடுத்துவிட்டேனோ? கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. வீட்டில் பெரியவர் இல்லை, இனி இவர்களை நம்ப முடியாது என்று நினைத்துவிட்டாரோ? அப்படியானால் தாம்பூலம் எதற்கு?

சரோஜா வந்த இரண்டாம் நாள், பிரசவத்துக்கு வேண்டிய சுக்கு, திப்பிலி, ஓமம், பனைவெல்லம், நெய், நல்லெண்ணெய் எல்லாம் வாங்க வேண்டுமே என்று வாய்விட்டுப் புலம்பினேன். செட்டியார் பற்று எழுத மாட்டேன் என்கிறார், காரணம் தெரியவில்லை என்றேன். அவள் நடந்ததைக் கேட்டாள். தாம்பூலம் என்று சொன்னதுதான் தாமதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அய்யோ அண்ணி, என்னா காரியம் பண்ணிட்ட! வழிச்சிக் குடுத்துட்டியா?"

"ஆமா. பாக்கி வைக்கிறது கௌரவமா?"

"இந்தூர்ல ஒரு ரூவா நிறுத்தி வெச்சிட்டுத்தான் வருவாங்க அண்ணி. நாளைக்கும் உன் கடைக்கு வருவோம்னு அதுக்கு அர்த்தம். எல்லாத்தையும் குடுத்துட்டா, இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டோம்னு ஆயிடும். அதுக்குத்தான் தாம்பூலம் குடுத்து அனுப்பியிருக்காரு. அம்மா உனுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லையே, அத்தை! ரசத்துக்கு எத்தனை மிளகு என்றுகூட இடுப்பில் கைவைத்து நின்று சொன்னீர்கள். பசுவுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து பால் கறப்பது என்று சொன்னீர்கள். இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? எல்லோருக்கும் தெரிந்தது இவளுக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டீர்களா? மத்தூரில் சந்தைக்குச் சந்தை கணக்கை வழித்துத் துடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை. ஒரு பஸ் தூரத்தில் மரியாதை எப்படித் தலைகீழாய் மாறும்? எனக்குக் கோபம் உங்கள் மேலா, என் மேலா, ஊர் மேலா என்றே தெரியவில்லை.

மறுநாள் செட்டியார் கடை திறந்ததும் போய் நின்றேன். சரோஜாவுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். வீட்டில் ஒரு துளி நெய் கிடையாது. அவர் துரத்தினாலும் நகருவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

"செட்டியாரே, எனக்கு இந்தூர் வழக்கம் தெரியாமப் போச்சுங்க. உங்க கடை வேணாம்னு நான் குடுக்கலீங்க. செத்தவங்க பேர்ல கடன் நிக்கக் கூடாதுன்னுதான் குடுத்தேன்."

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அணையாண்ட புதுக் கடைல உம்மூட்டுக்காரர் கணக்கு வெச்சிட்டாரு, அதான் நம்மள முடிச்சிக்கிட்டீங்கன்னு நெனச்சேன். அது கெடக்கட்டும். அந்தம்மா போன அன்னிக்கே, கணக்கு மூடிடலாமான்னு எங்க வீட்ல கேட்டாங்க. வேணாம், இருக்கட்டும்னேன். முப்பது வருசமா ஒண்ணாந்தேதி முத ஆளா வந்து, 'ஏன் செட்டியாரே, பருப்புல கல்லு வித்தா கல்லு வெலைக்குத் தரவேண்டாமா'ன்னு சண்ட போட்ட மனுசி. அந்த ஒரு ரூவா நிக்கிற வரைக்கும் அந்தம்மாவும் வந்துட்டுத்தான் இருப்பாங்கன்னு எனக்கு ஒரு இது. நீ வந்து எண்ணி வெச்சிட்ட. நான் என்னா பண்ணுவேன், கோடு போட்டுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். அழுதுவிட்டேன், அத்தை, கடைத்தெருவில் நின்று. உங்களுக்காக நம் வீட்டில் மட்டும்தான் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ரூவாயத் திருப்பிக் குடுத்துடுங்க. அவங்க பேர்லயே ஓடட்டும்" என்று கேட்டேன்.

"வத்தம்மா, வத்து" என்று தெலுங்கில் வேகமாக மறுத்தார். "கோடு போட்ட பக்கத்துல திருப்பி எழுதினா ரெண்டு வீட்டுக்கும் ஆகாது. புதுசா எழுதறேன். உம் பேர் என்னா?"

எட்டு வருஷமாக இந்த ஊரில் நான் தெய்வானையம்மா மருமகள். உங்கள் மகன் "இந்தா" என்பார். நீங்கள் "ஏ புள்ள" என்பீர்கள். என் பெயரை யாரும் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. நீங்கள் இருந்த இடத்தில் ஏறி உட்காருவது மாதிரி உடம்பு கூசியது. ஆனால் சரோஜா வீட்டில் காத்திருந்தாள். சொன்னேன். அவர் தெலுங்கில் எழுதினார். அந்த எழுத்தில் என் பெயர் எது என்று எனக்குத் தெரியாது.

முதலில் மஞ்சள் எழுதினார். பிறகு நான் கேட்ட அத்தனையும் கட்டிக் கொடுத்தார். நெய்யை மட்டும் இரண்டு தரம் ஊற்றினார், ஒரு தரம்தான் எழுதினார்.

மூன்றாம் நாள் விடிகாலையில் சரோஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மருந்து நானே கிண்டினேன். கொஞ்சம் அடிபிடித்துவிட்டது, நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் என் குழப்பம் தீரவில்லை. உங்கள் கடனைத் தீர்த்து உங்களை நிம்மதியாக அனுப்பி வைத்தேனா? இல்லை, ஊரில் உங்களுக்கென்று நின்றிருந்த ஒரே இடத்தையும் இல்லாமல் செய்துவிட்டேனா? உங்கள் மகனிடம் கேட்டேன். "ரெண்டும்தான், சோத்தப் போடு" என்றார். அவரிடம் கேட்டது என் தப்பு. நீங்களாவது சொல்லுங்கள், அந்த ஒரு ரூபாய் உங்களுக்குப் பாரமாக இருந்ததா?

நான் ஒன்று சொல்கிறேன். ஒண்ணாந்தேதி தவற மாட்டேன். ஒரு ரூபாய் நிறுத்தவும் தவற மாட்டேன். நாளைக்கு இந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தால், உங்களைப் போல் மாட்டைப் பார் என்று விட்டுப் போகாமல் அவளைக் கடைக்குக் கூட்டிப் போவேன். நான் செத்தால் அந்த ரூபாயைக் கொடுக்க ஓடாதே, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி வைப்பேன்.

உங்கள் மகன் வீட்டில் இருக்கும் உங்கள் மருமகள்,
காவேரி