வினிகர் பாட்டிலில் எத்தனை ஈ

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். அம்மா தூங்குகிறாள். நம்மோடு இருக்கும் பெரியம்மா மகள், அக்கா, தூங்காமலே கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். நான் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டை மடியில் வைத்திருக்கிறேன், எழுத்துக் கோணினால் திட்டாதீர்கள்.

நேற்று வியாபாரி நம் ஸ்ட்ராபெரிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழத்துக்குள் புழு. "எண்ணத் தெரியாதவள நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று அம்மா அக்காவைத் திட்டினாள். நாளை மாலைப் பேருந்தில் அவளை விடுதிக்கு அனுப்பப் போகிறாள். அதற்கு முன் காலையிலேயே கொட்டகையில் இருக்கும் பழைய கடும் மருந்தை அடிக்கப் போகிறாள். போன தடவை அதை அடித்தபோது செத்த தேனீக்களைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினோமே, நினைவிருக்கிறதா?

அக்காவுக்கு எண்ணத் தெரியும் அப்பா. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, பள்ளிவிட்டு வந்ததும் செடி வரிசையில் தொங்கும் வினிகர் பாட்டில்களில் விழுந்த, பழத்தில் முட்டையிட்டுப் புழு வைக்கிற பழ ஈக்களை எண்ணுவாள். ஐந்துக்கு மேல் போனால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, நீங்கள் வாங்கித் தந்த மென்மையான மருந்தை அடிப்பாள். குறைவாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

நீங்கள் ஃபோனில் முதலில் அவளைத்தான் கேட்பீர்கள். "என் கெட்டிக்காரி, இன்னைக்கு எத்தனை ஈ?" என்னிடம் வரும்போது "சாப்பிட்டியா?" அதோடு லைன் போய்விடும். எனக்கு வயிறு எரியும்.

அதனால் போன வாரம் நான்கு நாள், அவளுக்கு முன்னால் ஓடிப்போய், ஈக்களை வடிகட்டி எறிந்தேன். இரண்டு மூன்றை மட்டும் விட்டுவைத்தேன். அவள் அதை நம்பி மருந்து அடிக்கவில்லை. திட்டு வாங்கட்டும் என்றுதான் நினைத்தேன். வீட்டைவிட்டே போவாள் என்று நினைக்கவில்லை.

எறிந்தவை பதினொன்று, பத்தொன்பது, இருபத்தாறு, நாற்பது. என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நானும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன் அப்பா.

இது உங்கள் கைக்கு வர நாலு நாளாகும். தேனீக்களுக்கு அவ்வளவு நேரமில்லை. அதனால் முதலில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைக்கிறேன். அவள் படித்த பிறகு தபாலில் போடுவேன். அடி விழும், விழட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அக்காவையே முதலில் கூப்பிடுங்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன். லைன் போகாமல் இருந்தால், எத்தனை ஈ என்று என்னிடமும் ஒரு தடவை கேளுங்கள்.

உங்கள்
சின்னவள்