ஏழாவது நிமிடத்தில் நிறுத்தினேன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆறு பேர். ஆறு முறை முகமூடியைக் கழுவி, ஆறு முறை சைக்கிள் இருக்கையை ஏற்றி இறக்கி, ஆறு பேரிடமும் அதே பேச்சு: "இன்னும் கொஞ்சம், விடாதீங்க, மிதிங்க." ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது வேறு யாரோ பேசுவது போலிருந்தது. இருபத்தொரு வருடமாக மருத்துவமனையின் இதே அறை. அவர்கள் மிதிக்கிறார்கள், இழுக்கும் ஆக்சிஜனில் எவ்வளவை உடம்பு எடுத்துக்கொள்கிறது என்று நான் அளக்கிறேன். என் கால் வீங்கிக் கிடக்கிறது.

நாளை மறுநாள் அண்ணனின் முறை.

மார்ச் 6, வியாழன்

அண்ணனுக்கு வலது நுரையீரலின் கீழ்ப் பகுதியைக் கட்டியோடு எடுக்க வேண்டும். மீதி தாங்குமா என்பதுதான் கேள்வி. சர்ஜன் தெளிவாகவே சொல்லியிருந்தார்: "உச்சமா மிதிக்கும்போது நிமிஷத்துக்கு, உடம்பு எடையில கிலோவுக்குப் பன்னிரண்டு மில்லி ஆக்சிஜனாவது வரட்டும். பத்துக்குக் கீழன்னா நான் கத்தியை எடுக்க மாட்டேன்."

முகமூடியை மாட்டியதும் அண்ணன், "பைலட் மாதிரி இருக்கேனா?" என்றான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். ஏழாவது நிமிடத்தில் முகம் கறுத்தது. கையை ஆட்டினான். முகமூடிக்கு மேலே கண் இரண்டும் என்னையே பார்த்தன. நிறுத்திவிட்டேன்.

9.6.

மார்ச் 7, வெள்ளி

எவ்வளவு வந்தது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை.

மார்ச் 10, திங்கள்

கூட வேலை செய்கிற பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, பன்னிரண்டுன்னு போட்டா யாருக்குத் தெரியப்போகுது? உங்க அண்ணன்தானே."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்றேன். பாவம், அவள் மேல் என்ன கோபம்? வியாழக்கிழமையிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததை அவள் வாயால் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

அவள் போனபின் அண்ணனின் சோதனைத் தாளை எடுத்தேன். எதற்கு எடுத்தேன்? எழுதவே கூசுகிறது. ஆனால் எடுத்ததால்தான் அது கண்ணில் பட்டது.

மெதுவாக மிதிக்கும்வரை தசை ஆக்சிஜனை வைத்தே சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சமாளிக்கும். பாரம் ஏற ஏற அது போதாமல், சர்க்கரையை அவசர அவசரமாக வேறு வழியிலும் உடைக்கும். ரத்தத்தில் அமிலம் ஏறும். அதைச் சரிக்கட்ட உடம்பு கரியமில வாயுவை வெளியே தள்ளும். உள்ளே எடுக்கும் ஆக்சிஜனைவிட வெளியே விடும் அந்த வாயு கூடினால், ஆள் தன் எல்லையைத் தொட்டுவிட்டார் என்று அர்த்தம். அண்ணனின் தாளில் அப்படிக் கூடியிருக்கவே இல்லை. நாடித்துடிப்பு 112. அதற்கும் மேலே ஏற இடம் இருந்தது.

அவன் எல்லைக்கே போகவில்லை. கால் வலித்தது, பயந்தான். வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பேன். இவனை மட்டும் - நான்தான் நிறுத்தினேன். என் பரிதாபத்தை அளந்து வைத்துக்கொண்டு, அதை அவன் மூச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

சர்ஜனிடம் சொன்னேன். "தப்பு என்னோடது டாக்டர். சீக்கிரமே நிறுத்திட்டேன்."

தாளையே வெகுநேரம் பார்த்தார். "நாலு வாரம். கால்களைப் பழக்குங்க. அதுக்கு மேல கட்டி காத்திருக்காது. அடுத்த தடவை நீங்க அந்த ரூம்ல இருக்கக் கூடாது."

மார்ச் 17, திங்கள்

வீட்டுக்கு ஒரு பழைய உடற்பயிற்சி சைக்கிள் வந்து ஐந்து நாளாகிறது. அண்ணன் அதில் துண்டு காயப்போடுகிறான்.

"நுரையீரல்ல கட்டி. நீ என்னடான்னா என் காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே."

"மூச்சு இழுத்தா மட்டும் போதாது அண்ணா. இழுத்ததை எரிக்க தசைக்குள்ள அடுப்பு வேணும்."

"டீசல் இருக்கு, காத்தும் இருக்கு, இன்ஜின்தான் சின்னதாயிருச்சுன்றே."

"உட்கார்ந்தே ஓட்டினே இல்ல? மிதிச்சா திரும்பப் பெருகும்."

சிரித்தான். மிதிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

வேலை முடிந்து வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அண்ணன் ஆரம்பித்துவிட்டான். "இன்னும் எத்தனை நாள் இருப்பேன்னு சொல்லிடு, நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கேன். ஏன் என்னைப் போட்டு வாட்டறே?"

எனக்கும் முடியல. ஒரு நாளைக்கு ஆறு பேரை மிதிக்க வெச்சுட்டு வந்து, ஏழாவதா இவனையுமா? பட்டென்று சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு நீ விடல. நான்தான் நிறுத்தினேன்."

அண்ணன் சைக்கிள் பக்கம் திரும்பினான்.

"பாவம் பார்த்தியா?"

"ஆமா."

"இனிமே பார்க்காதே."

எழுந்து போய் துண்டை எடுத்தான். நான்கு நிமிடம் மிதித்தான்.

மார்ச் 29, சனி

இருபது நிமிடம். அவன் மிதிக்கும்போதே நான் நாற்காலியில் தூங்கிப்போனேன். எழுந்தபோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

என்னை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது: "கண்ணைத் திறங்க ஐயா, என்னைப் பாருங்க. காலை நிறுத்தாதீங்க." இத்தனை கடுமையாக அவள் பேசி நான் கேட்டதில்லை. ஏழு நிமிடம் தாண்டியது. எட்டு. ஒன்பது. கதவுப் பிடியில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

ஒன்பதரை நிமிடத்தில் மணி அடித்தது. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்து தாளை நீட்டினாள். 12.3. வெளியே விட்டது உள்ளே எடுத்ததை நன்றாகவே தாண்டியிருந்தது. இந்த முறை எல்லைவரை போயிருக்கிறான்.

ஏப்ரல் 16, புதன்

ஐந்து மணி நேரம். கட்டியை எடுத்துவிட்டார்கள். தானாகவே மூச்சு விடுகிறான். வேறொன்றும் எழுதக் கை வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கடைக்குப் போய்விட்டு வந்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றி, மூச்சு வாங்க வாங்கத் திட்டினான்: "மூணு மாடி. லிஃப்ட் ஓடலைன்னு கீழ ஒரு சீட்டு எழுதி ஒட்டினா என்னவாம்?" முகம் கழுவப் போனான்.

அவன் குளியலறைக் கதவைச் சாத்திய பிறகுதான், மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் ஏறி வந்த படிகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு.