நாற்காலியில் இருப்பவர் பேசக் கூடாது

12 ஜனவரி 2025, ஞாயிறு

என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்துக்கு இனி ஓராண்டு நான்தான். எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ராயபுரத்திலேயே அதிகம் கத்துகிற ஆள் நான் என்று என் மனைவி ஜூடி சொல்வாள். ஹார்பரில் காலம் முழுக்கக் கிரேன் ஓட்டிய புருஷனுக்கு மெதுவாகப் பேச எப்படி வரும்?

கூட்டம் முடிந்து படியேறும்போதுதான் செயலாளர் சாலமன் விஷயத்தை உடைத்தான். "தலைவரு கூட்டத்த நடத்தணும், நடுவுல வாயத் தொறக்கக் கூடாது. உன்ன அடக்க வேற வழி தெர்ல மாமு."

நன்றாக ஏமாந்தேன். ஆனாலும் கைவைத்த நாற்காலி எனக்கு மட்டும்தான் என்பதில் உள்ளூர மகிழ்ச்சி.

19 ஜனவரி

சாலமன் என்னைச் ‘சபாநாயகரே’ என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறான். கிண்டல்தான். சரி, அந்த வேலையை நிஜமாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போமே என்று மகள் மகிமா பரீட்சைக்குப் படிக்கும் புத்தகங்களில் ஒன்றை உருவிக்கொண்டேன்.

மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர். அடுத்தவர் அனந்தசயனம் அய்யங்கார். சஞ்சீவ ரெட்டி அந்த நாற்காலிக்கு வந்ததும் கட்சியிலிருந்தே விலகிவிட்டாராம். பாலயோகி பதவியில் இருக்கும்போதே ஹெலிகாப்டர் விபத்தில் போய்ச் சேர்ந்தார், பாவம். முதல் பெண் மீரா குமார், அதற்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வடசென்னை எம்.பி.யாக இருந்த ஜி. லட்சுமணன் எண்பதுகளின் தொடக்கத்தில் துணைச் சபாநாயகராம். நம் தொகுதிக்காரர் ஒருவர் தில்லியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சபையை நடத்தியிருக்கிறார், எனக்கு இத்தனை நாள் தெரியாது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

மகிமா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பரீட்சை அவளுக்காம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பேசவில்லை. கூட்டம் முழுக்கப் பேசவில்லை. காய்ச்சலா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

சுவருக்கு நீலம் அடிப்பதா, இருக்கிற சந்தன நிறமே இருக்கட்டுமா என்று ஓட்டு. வீட்டுக்கு ஓர் ஓட்டு. இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. தலைவர் முதலில் ஓட்டுப் போடக் கூடாது, சமமாக வந்தால் மட்டும் போடலாம். எனக்கு நீலம்தான் பிடிக்கும். ஆனால் இங்கிலாந்துச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு என்று படித்திருந்தேன். சமமாக வந்தால், நாற்காலியில் இருப்பவர் இருப்பதை மாற்றக் கூடாது. மாற்றம் வேண்டுமென்றால் பெரும்பான்மை கேட்கட்டும். சந்தனத்துக்குப் போட்டேன். இனி நம் சங்கத்துக்கும் இதுதான் வழக்கம் என்று சொன்னேன்.

"நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு" என்றார் துணைத் தலைவர் ராமசெல்வி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நான்காவது மாடி. கணவருக்குத் தங்கசாலையில் மளிகைக் கடை. அந்தக் கடைக்கு அப்பளம் போடுவது இவர்.

3 மார்ச்

இன்றைக்கு இடி விழுந்தது.

ராமசெல்வி எழுத்தில் கொடுத்திருக்கிறார்: மொட்டை மாடியில் இனி யாரும் மீன் காயவைக்கக் கூடாது. யாரும் என்றால் யார்? ஜூடிதான். நான் ஓய்வு பெற்ற பிறகு அவளாகவே ஆரம்பித்த தொழில். காசிமேட்டில் விடியற்காலை நெத்திலியும் வாளையும் எடுத்து வந்து, கழுவி, உப்புப் போட்டு, மாடியில் வலை விரித்துக் காயவைப்பாள். மணல் படாத கருவாடு என்று பேர் வாங்கியிருக்கிறாள். அடுத்த மாதம் நடுவில் மீன்பிடித் தடை வந்துவிடும். அதற்குள் காயவைத்து எடுத்தால்தான் தடைக்காலம் முழுக்க விற்க முடியும்.

ராமசெல்வி பக்கமும் நியாயம் இருக்கிறது. அதே மாடியில்தான் அவர் அப்பளம் காய்கிறது. அப்பளத்தில் கருவாட்டு வாடை அடிக்கிறதென்று கடைக்கு வந்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

ஜூடி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "நீதான தலைவரு, பாத்துக்கோ."

5 மார்ச், சாம்பல் புதன்

காலையில் சர்ச்சில் பூசிவிட்ட சாம்பல் நெற்றியில் இருக்க, உட்கார்ந்து யோசித்தேன். என் வீட்டு வழக்குக்கு நானே நடுவில் உட்காரலாமா? சபாநாயகரை நீக்கச் சொல்லித் தீர்மானம் வந்தால் அன்றைக்கு அவர் தலைமை தாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நானும் இறங்கிவிடலாம். அன்று துணைத் தலைவர் நடத்தட்டும்.

அப்படியே சாலமனிடம் சொல்லிவிட்டேன். மனசு லேசாகிவிட்டது.

7 மார்ச்

லேசாவது கீசாவது. இன்னா பண்ணி வெச்சிருக்கேன் நான்!

சாலமன் முதுகில் தட்டி, "செம பிளான் மாமு. அந்தம்மாவ சேர்ல குந்த வெச்சிட்டா அதுக்கு ஓட்டு இல்ல. நீ கீழ எறங்கிட்ட, உனக்கு ஓட்டு கீது" என்கிறான்.

சத்தியமாக நான் அதை யோசிக்கவே இல்லை. புகார் கொடுத்தவரின் ஓட்டைப் பிடுங்கிவிட்டு என் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நாலு பேர் இருக்கட்டும், நானே என்ன நினைப்பேன்?

8 மார்ச்

முடிவு செய்துவிட்டேன். அவர் வீட்டு ஓட்டு இல்லையென்றால் என் வீட்டு ஓட்டும் இல்லை. ஜூடியிடம் சொன்னேன். கையிலிருந்த உப்பை அப்படியே வைத்தாள்.

"என் கருவாட்டுக்கு எனுக்கே ஓட்டு இல்லியா? இன்னாய்யா நாயம் இது? டெல்லிலகீறவன் செஞ்சான்னு நீயும் செய்வியா? அவன் பொண்டாட்டி கருவாடா விக்கிறா?"

சபாநாயகராக இருந்த சோம்நாத் சாட்டர்ஜியை நாற்காலியை விட்டு இறங்கச் சொன்னது அவர் கட்சி. மறுத்தார், கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் கட்சி சமையலறையில் இருக்கிறது. இதில் நீக்கினால் சோறு கிடையாது.

11 மார்ச்

சோறு கிடைக்கிறது. பேச்சு இல்லை.

16 மார்ச், ஞாயிறு

கூட்டம். ராமசெல்வி கைவைத்த நாற்காலியில். நான் கடைசி வரிசையில், ஜூடியிடமிருந்து இரண்டு இடம் தள்ளி.

எங்கள் ஓட்டைப் போடப் போவதில்லை என்று எழுந்து சொன்னேன். ராமசெல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கை தூக்கச் சொன்னார். கீழ்த்தளத்து காஜா மொய்தீன் பாய் கருவாட்டுப் பக்கம். என் தோஸ்து சைமன் எதிர்ப்பக்கம் தூக்கினான், துரோகி. சாலமன் எண்ணினான். திரும்ப எண்ணினான். சமம்.

எல்லோரும் ராமசெல்வியைப் பார்த்தார்கள். அவருடைய ஓட்டு அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாடி அவருடையது. ஜூடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் சுவருக்கு ஒரு வழக்கம் சொன்னாங்கல்லா, சமமா வந்தா இருக்கது இருக்கட்டும்னு. அன்னைக்கு நல்லாருக்குன்னு நாந்தான் சொன்னேன். எனக்குன்னு வரும்போது மாத்தவா முடியும்?" என்றார். "என் மனு தோத்துட்டு. அடுத்த விஷயம் என்னது, மோட்டாரா?"

யாரும் கை தட்டவில்லை. மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். நான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேனா? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

18 மார்ச்

ஜூடி தன் வலையை எல்லாம் சுருட்டிக்கொண்டு மாடியின் மேற்கு மூலைக்குப் போய்விட்டாள். யாரும் சொல்லவில்லை. கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால் வாடை இனி அப்பளத்தின் பக்கம் போகாது. வெயில் கொஞ்சம் குறைவு, காய இன்னொரு நாள் ஆகும்.

"முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றேன்.

"முன்னாடி அந்தம்மா என்னாண்ட கேக்கல, நேரா ரூல் போட்சி" என்றாள். ஆக, பேசிவிட்டாள்.

15 ஏப்ரல்

தடை தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் கருவாடுதான்.

27 ஏப்ரல், ஞாயிறு

தலைவர் பதவியை விட்டுவிட்டேன். ராமசெல்வி பெயரை நானே சொன்னேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அவர் என்னைவிட நன்றாக நடத்துகிறார், எனக்கோ பேசாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்குச் சாக்கடை விஷயம் வந்ததும் எழுந்தேன். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. பாதியில் ராமசெல்வி, "அண்ணாச்சி, போதும், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கூட்டமே சிரித்தது.

அதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டும். மக்களவையில் புதுச் சபாநாயகரைத் தேர்ந்தெடுத்ததும் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவருமாக அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்று சொன்னேன். சாலமன் உடனே ராமசெல்விக்கு ஒரு பக்கம் போய் நின்றான். மறுபக்கம் யார் என்று நான் தேடுவதற்குள் ஜூடி எழுந்து போனாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வா செல்வி" என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

உட்கார்ந்த பிறகும் ராமசெல்வி அந்தக் கையை உடனே விடவில்லை. காலை முழுக்கக் கருவாடு கட்டிய கை அது.