இருபத்து மூன்றாவது வீடு

அக்டோபர் 6, திங்கள்

இந்த நோட்டு இன்றுதான் கிடைத்தது. முன்பக்கம் வெள்ளப் பட்டியலுக்கு, பின்பக்கம் எனக்கு. மூன்றாம் வகுப்பு படித்தது இதற்காவது ஆகட்டும்.

போன வருடம் சிற்றாறு எங்கள் வீடுகளுக்குள் வந்து போன பிறகு தார்ப்பாய் கொடுத்த நிவாரண அமைப்புக்காரர்கள், இந்த வருடம் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஷெர்லின் என்ற பெண், "இந்தத் தெருவுல யாருக்குச் சத்தம் அதிகம்?" என்று கேட்டாள். பீடி சுற்றிக்கொண்டிருந்த அத்தனை பேரும் "அலிமாவுக்குத்தான்" என்று என்னைக் கைகாட்டினார்கள். ஒரு விசில், ஒரு டார்ச், இந்த நோட்டு. குற்றாலத்தில் கடை வைத்திருக்கும் அபி, அருவித் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டினால் போன் செய்வான். நான் ஊதி, இருபத்து மூன்று வீட்டையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றவேண்டும்.

அரபு நாட்டில், தம்மாமில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "உனக்கு எதுக்கு விசிலு? நீ சும்மா கூப்பிட்டாலே இங்கன கேக்குதே" என்றார்.

அக்டோபர் 9

தனியாக நடக்க முடியாதவர்களை எழுதச் சொன்னார்கள். இரண்டே பேர். ஷிஃபாவுக்கு எட்டாம் மாதம். நல்லகண்ணு அண்ணாச்சிக்குக் கால் விளங்காது. அவருக்குக் கோபம்.

"என்னைய நொண்டிக் கணக்குல எழுதிட்டியோ?"

"இல்ல அண்ணாச்சி, நாற்காலியில தூக்கிட்டுப் போற மாப்பிள்ளைக் கணக்கு."

ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டில் அதீபா. ஒருத்தி, முப்பத்து நாலு வயது, நல்ல கால். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 18, சனி

ஒத்திகை. பதினெட்டு நிமிடத்தில் தெரு மேட்டுக்கு ஏறிவிட்டது. அதீபா வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை.

"அவ இத்தா இருக்கா. மாப்பிள்ளை அரபு நாட்டுல மவுத்தாயிட்டாரு. நாலு மாசம் பத்து நாளைக்கு அன்னிய ஆம்பளை கண்ணுல படமாட்டா" என்றேன்.

"வெள்ளம் வந்தா?" என்றாள் ஷெர்லின்.

"வெள்ளம் வந்தா எவளும் ஓடுவா" என்று சிரித்துவிட்டேன்.

அக்டோபர் 19

ஓடுவாளா?

அக்டோபர் 27

மீன்குழம்பு கொண்டுபோகிற சாக்கில் கேட்டேன். அதீபா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நான் வரமாட்டேன் லாத்தா. அவர அங்கனயே அடக்கிட்டாங்க. முகத்தக்கூட பாக்கல. நான் அவருக்குச் செய்யுதது இது ஒண்ணுதான்."

எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. எனக்கே அது புதிது. அவளுக்கு இத்தா டிசம்பர் பதினொன்று வரை இருக்கிறது. மழை அதற்கு முன்னால் வந்துவிடுமே.

நவம்பர் 3

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டேன். உயிருக்கு ஆபத்தென்றால் வெளியேறலாம், தடையில்லை என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எனக்கும் தெரியும் லாத்தா. போயி எங்கன உக்கார? ஒரே ஹாலு. அம்பது ஆம்பளைக நடுவுலயா?"

அட அல்லா. இத்தனை நாளும் சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஹாலைப் பற்றிச் சொல்கிறாள்.

ஷெர்லினுக்குப் போன் போட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இத ஒத்திகை அன்னைக்கே நான் கேட்டிருக்கணும் அக்கா" என்றாள்.

நவம்பர் 12

சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் அரிசி வைக்கிற அறையை ஷெர்லின் கேட்டு வாங்கிவிட்டாள். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, திரையும் போட்டாயிற்று. ஷிஃபா பிள்ளை பெற்றாலும் அங்கேதான். பின்சந்து வழியாகப் பெண்கள் மட்டும் போகவேண்டும் என்று முடிவு. அதீபாவிடம் சொன்னேன். "பாப்போம்" என்றாள். பாப்போம் என்றால் என்ன அர்த்தம்?

நவம்பர் 21

அருவியில் குளிக்கத் தடையாம். மழை விடவில்லை. பீடி இலை காயவில்லை. விசிலைத் தாலிச் செயினோடு சேர்த்துக் கோர்த்திருக்கிறேன். பீடிக்கு நூல் கட்டும்போதும் காது போனிலேயே இருக்கிறது. அவள் பாப்போம் என்றாளே.

நவம்பர் 23, ஞாயிறு

பகல் இரண்டேகால். அபி போன் பண்ணிட்டான். ஊதப் போறேன்.

நவம்பர் 25

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் பானை மாதிரி வீங்கியிருக்கிறது. எல்லாரும் ஏறிய பிறகு பள்ளிக்கூடப் படியில் விழுந்தேன்.

ஊதிக்கொண்டே ஓடினேன். எல்லாரும் கிளம்பியாச்சு. கடைசி வீடு மட்டும் திறக்கல. தட்டுதேன், தட்டுதேன், சத்தமே இல்ல. கரண்டைக்காலுக்குத் தண்ணி. எனக்கு அழுகை வந்துட்டு. அப்போ உள்ளேயிருந்து குரல்: "யாரெல்லாம் இருக்கா?"

"நானும் ஆறும்தான். ஆறும் பொம்பளைதான், வாட்டி."

கதவு திறந்தது. தலையோடு வெள்ளைத் துணி சுற்றி, அமைப்பு கொடுத்த மூடிவாளியைக் கட்டிப்பிடித்து நின்றாள். உள்ளே, அங்கிருந்து திருப்பி அனுப்பிய அவள் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டும் ஒரு சட்டையும்.

பின்சந்து திரும்பினால், குறுக்கே நாலு ஆண்கள். முன்தெருவில் தண்ணீர் இழுப்பதால் நல்லகண்ணு அண்ணாச்சியை நாற்காலியோடு இந்தப் பக்கம் தூக்கி வருகிறார்கள். அதீபா அப்படியே நின்றுவிட்டாள். ஓரடி பின்னால் வைத்தாள். அவள் திரும்பினால் நான் எப்படித் தூக்குவேன்?

அண்ணாச்சி மேலேயிருந்து அதட்டினார்: "ஏலே, சுவரப் பாத்துத் திரும்புங்கலே."

முழங்கால் தண்ணீரில், தோளில் நாற்காலியோடு, நாலு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அண்ணாச்சியும் கண்ணை மூடிக்கொண்டார். அதீபா கடந்து போனாள்.

சாயங்காலம் அவள் வீட்டுப் பின்சுவர் ஆற்றுக்குள் விழுந்ததாகச் சொன்னார்கள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 2

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அதீபா என் உள்ரூமில். தெருவில் பிளீச்சிங் வாடை. ஷிஃபாவுக்குப் பெண்பிள்ளை, ஆஸ்பத்திரியில்தான், அரிசி அறையில் இல்லை. அதீபாவின் சுவருக்கு அமைப்பு கல் இறக்கியிருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

இன்று ஷெர்லின் பட்டியலைத் திருத்த வந்தாள். படிவத்தில் 'வெளியே வரத் தயங்குபவர், காரணம்' என்று ஒரு புதுக் கட்டம். எங்கள் தெருவில் அதை நிரப்ப இப்போது ஆளில்லை.

அதீபா நாலு மாதத்துக்குப் பிறகு வாசலுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு படித்தவள். என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி, "உங்க எழுத்து ஷெர்லினுக்கே புரியல லாத்தா, இனி நான் எழுதுதேன்" என்றாள். ஏதோ எழுதிவிட்டு, வாயை மட்டும் லேசாகக் கோணிக்கொண்டு திருப்பித் தந்தாள். தனியாக நடக்க முடியாதவர்களில் முதல் பெயர்:

அலிமா, 49. முழங்கால் வீக்கம். தூக்க ஆறு பேர் வேண்டும்.